புதிதாக வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் காற்று இறங்குகிறது: குறை பிஸ்டலிலா, பிள்ளையின் கையிலா?

#1 மலைக்கோட்டை அப்பா (திருச்சி)

வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டுப் பழகுகிறாள். இதுவரை கிளப்பின் பொதுப் பிஸ்டல்தான், நான்கு பிள்ளைகளுக்கு ஒன்று. சென்ற மாதம் நகையை அடகு வைத்து அவளுக்கென்று புதிதாக ஒன்று வாங்கினோம். ஐரோப்பியத் தயாரிப்பு. தயாரித்தவர் பெயரையும் விற்றவர் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. குறை யாருடையது என்று தெரியாமல் ஒருவர் பெயரைக் கெடுக்க மனம் வரவில்லை.

வந்து இருபது நாள் ஆகிறது. இரவில் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பிப் பிஸ்டலில் மாட்டி வைத்தால் காலையில் 130 காட்டுகிறது. ஒரு குண்டு கூடச் சுடாமல் இந்த இறக்கம். விற்றவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "நீங்கள் நிரப்பிய விதம் தவறாக இருக்கும். ரப்பர் வளையம் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என்னை உறங்கவிடாமல் செய்வது வேறொன்று. பொதுப் பிஸ்டலில் 60 குண்டுக்கு 550க்குக் குறையாமல் எடுத்தவள், புதியதில் 535ஐத் தாண்டவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒன்று நேர் கீழே, ஆறு மணித் திசையில் போய் விழுகிறது. "என் மணிக்கட்டுதான் அப்பா தளர்கிறது" என்கிறாள். தினமும் இரவு சமையலறைச் சுவர் முன் நின்று, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கை நடுங்குகிறது, ஆனாலும் இறக்கமாட்டாள். நேற்று அவள் அம்மா பாட்டிலை வாங்கி வைத்துவிட்டாள்.

விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

#2 கடலூர்க்காரன்

அண்ணா, இதற்கு ஏன் கவலைப்படுகிறீர்கள்? எல்லாம் ஓ-ரிங், அதாவது அந்த ரப்பர் வளையத்தின் வேலைதான். என் பழைய பிஸ்டலில் இதே பிரச்சினை வந்தது. நானே கழற்றினேன். ஹைட்ராலிக் கடையில் ஒரு வளையம் வாங்கிப் போட்டேன், ஐம்பது ரூபாய் கூட ஆகவில்லை. திருச்சியில் நல்ல லேத் பட்டறைக்கா பஞ்சம்? துப்பாக்கித் தொழிற்சாலையே இருக்கிற ஊர். விற்றவரிடம் மல்லுக்கு நிற்பதற்குள் மாவட்டப் போட்டியே முடிந்துவிடும்.

#3 ஓய்வுபெற்ற ஆர்மரர்

மலைக்கோட்டை அப்பா அவர்களுக்கு. பிஸ்டலைத் திறக்காதீர்கள். ஒரு திருகாணியைக் கூடத் தொடாதீர்கள்.

நான் படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயுதங்களைப் பழுது பார்த்தவன். 200 பார் என்றால் என்ன என்று சொல்கிறேன். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார், அதைப் போல நூறு மடங்கு உங்கள் மகளின் உள்ளங்கை அளவுச் சிலிண்டரில் அடைபட்டிருக்கிறது. லேத் பட்டறைக்காரர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் அந்தச் சிலிண்டரின் வால்வு அவர் கை வைக்கிற இடமல்ல. ஓ-ரிங் வெளிப்பார்வைக்கு ஒன்று போல இருக்கும், ரப்பரின் கடினமும் வகையும் வேறு வேறு. தவறானதைப் போட்டால் இரண்டு மாதத்தில் உப்பிக்கொள்ளும்.

கடலூர்த் தம்பி, உங்களுடையது பழையது, வாரண்டி முடிந்தது. இது இருபது நாள் பொருள். இவர் திறந்த மறு நிமிடம், அது தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கிற வாய்ப்பு போய்விடும். திருகாணியின் தலையில் ஒரு கீறல் போதும், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. காற்று எங்கே போகிறது? சிலிண்டரின் வால்விலா, பிஸ்டலுக்குள் காற்றை அளந்து கொடுக்கும் ரெகுலேட்டரிலா? சிலிண்டரைத் தனியே கழற்றி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் இரவு மாட்டி வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

#4 பத்து மீட்டர் (கோவை)

நான் பயிற்சியாளர். கசிவைப் பற்றி ஆர்மரர் ஐயா சொன்னதுதான் சரி. ஆனால் மதிப்பெண் இறக்கத்தையும் கசிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆறு மணியில் விழுவது மணிக்கட்டு தளர்வதற்கான அடையாளம். புதுப் பிஸ்டலின் எடை வேறு, கைப்பிடியின் கோணம் வேறு. விசை எடையையும் (விசையை இழுக்கத் தேவையான பளுவை) சரிபாருங்கள், 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பிள்ளை சொல்வதே சரியாக இருக்கலாம். கைப்பிடியை அவள் உள்ளங்கைக்கு ஏற்றபடி அரம் போட்டுத் தேய்த்து, மரக்கூழ் பூசிப் பொருத்துங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

#5 நகைப்பட்டறை (மதுரை)

வணக்கம். நான் தங்க வேலை செய்கிறவன், வார இறுதியில் சுடுகிறவன். அழுத்தமானியை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்ல வந்தேன்.

அந்த முள் மிகச் சிறியது. பத்துப் பார் இப்படி அப்படிக் காட்டும். தவிர, நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். 45 டிகிரியில் 200 காட்டிய சிலிண்டர் 28 டிகிரிக்கு ஆறினால், ஒரு மூச்சுக் காற்றும் கசியாமலே 189க்கு இறங்கிவிடும். விற்றவர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்.

காற்றை எடை போடுங்கள். காற்றுக்கு எடை உண்டு, சூட்டினாலும் குளிரினாலும் அது மாறாது. உங்கள் சிலிண்டர் ஏறக்குறைய 100 கன சென்டிமீட்டர் கொள்ளளவு என்றால், 200 பாரில் உள்ளே இருக்கும் காற்று 24 கிராம் அளவு, கிட்டத்தட்ட மூன்று பவுன். ஒரு பார் குறைந்தால் 0.12 கிராம் குறையும். எங்கள் கடைத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். பெரிய கடைவீதியில் தெரிந்த நகைக்கடைக்குப் போய்க் கேளுங்கள், இரண்டு நிமிட வேலை. பூட்டிய சிலிண்டர்தான் என்று சொல்லிவிட்டு வையுங்கள், பயந்துவிடுவார்கள். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லாமல் துணியால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும்.

#6 மலைக்கோட்டை அப்பா

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் எடை போட்டேன். என் நண்பர் கடையின் தராசு, ஒவ்வொரு முறையும் தராசின் எண்ணும் சிலிண்டரில் பொறித்த எண்ணும் ஒரே படத்தில் விழும்படி புகைப்படம் எடுத்திருக்கிறேன்.

முதல் இரவு, சிலிண்டர் தனியே: இழப்பு இல்லை. தராசின் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று மாறியது.
இரண்டாம் இரவு, பிஸ்டலில் மாட்டி: 8.3 கிராம் இழப்பு.
மூன்றாம் இரவு, மறுபடி மாட்டி: 8.6 கிராம்.

மகளும் உடன் வந்திருந்தாள். இரண்டாம் நாள் எண்ணைப் பார்த்தவள் நெடுநேரம் பேசவில்லை.

#7 நகைப்பட்டறை

8.3 கிராமை 0.12ஆல் வகுத்தால் 69 பார். நீங்கள் முள்ளில் பார்த்த எழுபதும் இதுவும் ஒன்றுதான். கழற்றும்போது சிறிது காற்று போகும், அது இந்த அளவுக்கு வராது. சிலிண்டர் நல்லது. நிரப்பியதில் தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

#8 ஓய்வுபெற்ற ஆர்மரர்

நல்ல சோதனை. இத்தனை ஆண்டு இந்த வேலையைப் பார்த்தவனுக்கும் எடை போடத் தோன்றவில்லை. இப்போது கசிவு பிஸ்டலுக்குள் என்று உறுதியாகிவிட்டது. பெரும்பாலும் ரெகுலேட்டர். 200 பாரை வாங்கி, சுடுவதற்குத் தேவையான குறைந்த அழுத்தத்துக்கு இறக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றைத் தயாராக வைப்பது அதன் வேலை. அது கசிகிறது என்றால் ஒழுங்காக அளந்து கொடுக்கிறதா என்ற கேள்வியும் வருகிறது.

வேகத்தை அளந்து பாருங்கள். உங்கள் கிளப்பிலோ பக்கத்து ஊரிலோ வேகமானி இருக்கும். பிஸ்டலைக் கையில் பிடிக்காமல், ரப்பர் வைத்த வைஸில் இறுக்கி, ஒரே டப்பா பெல்லட்டில் இருபது குண்டு. குண்டுக்குக் குண்டு ஒரு நிமிட இடைவெளி. சிலிண்டர் 150 பாருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

#9 மலைக்கோட்டை அப்பா

ஞாயிற்றுக்கிழமை செய்தோம். கிளப் செயலாளரும் இருந்தார், தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இருபதில் பதினான்கு குண்டுகள் விநாடிக்கு 149 முதல் 152 மீட்டர். மீதி ஆறு: 138, 131, 141, 136, 131, 139. எப்போது குறையும் என்று சொல்லவே முடியவில்லை. வைஸில் கிடந்த பிஸ்டலுக்கு ஏது மணிக்கட்டு?

கிளப்பின் பொதுப் பிஸ்டலையும் அதே பெல்லட்டில் அளந்தோம். இருபதும் 147க்கும் 150க்கும் நடுவே.

#10 பத்து மீட்டர்

அண்ணா, #4இல் நான் எழுதியது தவறு. பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 10 மீட்டரைக் கடக்க 152 வேகத்தில் போகும் பெல்லட் 21 மில்லிமீட்டர் தாழும். 131இல் போனால் 28.6 மில்லிமீட்டர். வித்தியாசம் 7 மில்லிமீட்டருக்கு மேல். நம் இலக்குத் தாளில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர்தான். அவள் அப்பழுக்கில்லாமல் சுட்டிருந்தாலும் பத்து ஒன்பதாகும், ஒன்பது எட்டாகும். அதுவும் நேர் கீழே, மணிக்கட்டு தளர்ந்தால் எங்கே விழுமோ சரியாக அங்கே.

என்னை உறுத்துவது இதுதான். இருபது நாளாக அந்தக் குழந்தை இல்லாத தவறைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். கீழே விழும் என்று பயந்து மேலே தூக்கிப் பிடிக்கப் பழகியிருப்பாள், அதையும் இனி மறக்க வைக்க வேண்டும். அந்தப் பிஸ்டலை இன்றே பெட்டியில் வையுங்கள். பொதுப் பிஸ்டலுக்குத் திரும்பட்டும். ஒரு வாரம் குறி பார்க்கவே வேண்டாம், வெள்ளைத் தாளைப் பார்த்து விசையை மட்டும் இழுக்கட்டும்.

நம் நாட்டுப் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கருக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததை அவளுக்குச் சொல்லுங்கள். 2021 ஜூலை, தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் கரைந்துபோனது. 575 எடுத்து 12ஆம் இடம். இறுதிச் சுற்றுக்குப் போகும் எட்டுப் பேரில் அவர் இல்லை. அப்போது அவருக்கு 19 வயது. ஊரே "பதற்றத்தில் தோற்றாள்" என்று பேசியது. 2024இல் பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார்.

#11 நெல்லை வழக்கறிஞர்

இழையை முழுவதும் படித்தேன். உங்களிடம் இருக்கும் ஆதாரம் பல வழக்குகளில் நான் பார்த்ததைவிட வலுவானது. இனி தொலைபேசியில் பேசாதீர்கள். எல்லாம் எழுத்தில், மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும்.

பில்லில் பிஸ்டலின் வரிசை எண் இருக்கிறதா பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் அவர் அதைச் செய்ய வேண்டும். நீங்கள் இப்போது இருபத்தெட்டாம் நாளில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே கடிதம் நாளையே போக வேண்டும்.

பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம்: அதே சட்டத்தில் "பொருள் பொறுப்பு" என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது குறையுள்ள பொருளால் உடலுக்கோ மற்ற உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் இழப்பீடு கேட்பதற்கு. உங்கள் வீட்டில் யாருக்கும் காயமில்லை, பொருள்தான் குறை. எனவே அதைக் கடிதத்தில் இழுக்காமல், பொருளில் குறை என்று மட்டும் நேராக எழுதுங்கள். குறையை நீக்கு, அல்லது மாற்றிக் கொடு, அல்லது பணத்தைத் திருப்பு. இம்மூன்றையும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிட முடியும்.

ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் நீங்கள் குடியிருக்கும் திருச்சி மாவட்டத்திலேயே போடலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பிஸ்டலைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையமே ஏற்பாடு செய்யலாம். ஆர்மரர் ஐயா திறக்காதே என்றதன் முழுப் பயனும் அங்கே தெரியும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல இடங்களில் அதுவே போதும்.

#12 டெக்சஸ் தமிழன்

உங்கள் ஊரில் இப்படி ஒரு சட்டம் இருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன். அமெரிக்காவில் பொம்மைக்கும் சைக்கிளுக்கும் குறை இருந்தால் திரும்பப் பெறச் சொல்ல ஒரு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. துப்பாக்கி மட்டும் 1972 முதலே அதன் அதிகாரத்துக்கு வெளியே. 2017இல் சிக் சாவர் பி320 கைத்துப்பாக்கி, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்று சோதனைகளில் தெரிந்தபோது, தயாரித்தவர்களே விருப்பத் திட்டமாக இலவச மாற்றம் அறிவித்தார்கள். அரசாங்கம் திரும்பப் பெறச் சொல்ல வழி இல்லை.

தோட்டா வெடிக்கும் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: கசிவைப் பொறுமையாக எடை போடலாம். விசையைத் தொடாமல் வெடிக்கிறது, பாதுகாப்புப் பூட்டு பிடிக்கவில்லை என்றால் சோதனை எதுவும் வேண்டாம். தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டி வைத்துவிட்டு எழுதுங்கள்.

#13 கடலூர்க்காரன்

அண்ணா, நான் சொன்னபடி கழற்றியிருந்தால் இந்த ஆதாரமெல்லாம் போயிருக்கும். ஆர்மரர் ஐயா சொன்னது சரி. சென்னையில் விற்றவரிடம் எடுத்துப் போவதாக இருந்தால் ஒரு யோசனை: 0.177 காலிபர் (குழாயின் துளை அளவு, அங்குலத்தில்), குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்பதால் 2016 ஆயுத விதிகளின்படி இதற்கு உரிமம் தேவையில்லை. உங்கள் பிஸ்டல் 6 ஜூல்தான் வரும். ஆனால் ரயிலில் பெட்டியைத் திறந்து பார்க்கும் காவலருக்கு அது கைத்துப்பாக்கியாகத்தான் தெரியும். பில், கிளப் அட்டை, செயலாளர் கடிதம் மூன்றும் மேல் பையில் இருக்கட்டும். சிலிண்டரைக் காலி செய்துவிட்டு எடுத்துப் போங்கள்.

#14 மலைக்கோட்டை அப்பா

கடிதம் போனது. ஒரு பக்கம்தான். வாங்கிய நாள், வரிசை எண், எடை அட்டவணை, வேக அட்டவணை, செயலாளர் கையெழுத்து, கடைசியில் 15 நாள் கெடு. நான்காம் நாள் விற்றவரே அழைத்தார். குரல் மாறியிருந்தது. "எழுத்தில் சொல்லுங்கள் ஐயா" என்று மட்டும் சொன்னேன். அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது: கொண்டுவாருங்கள், எங்கள் செலவில் பார்க்கிறோம்.

#15 நெல்லை வழக்கறிஞர்

போங்கள். உங்கள் முன்னால்தான் திறக்க வேண்டும், கழற்றிய பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும், பழுது பார்த்த நாளிலிருந்து வாரண்டி புதிதாகத் தொடங்க வேண்டும். மூன்றையும் போவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

#16 மலைக்கோட்டை அப்பா

நேற்றுப் போய் வந்தோம். தொழில்நுட்பர் இளைஞர், நல்ல பிள்ளை, மறைக்க நினைக்கவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தார். பூதக்கண்ணாடியை முதலில் தான் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் மகளிடம் நீட்டினார். பிஸ்டன் ஓடும் துளையின் சுவரில் நீளவாக்கில் ஒரு கீறல். அதன் முனையில் தலைமுடி கனத்துக்கு ஓர் உலோகச் சுருள், கடைசல் முடிந்தபின் ஊதிச் சுத்தம் செய்யாமல் விட்டது. அதுதான் ஓ-ரிங்கை அறுத்திருக்கிறது. பிஸ்டன் சில நேரம் அதில் சிக்கி, சில நேரம் தாராளமாக ஓடியிருக்கிறது. கசிவும் வேகக் குறைவும் ஒரே இடத்தில் பிறந்தவை.

வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, துளையே கீறியிருக்கிறது என்று அவரே சொல்லி, ரெகுலேட்டரை முழுதாக மாற்றினார். அங்கேயே இருபது குண்டு அளந்தோம். 149க்கும் 151க்கும் நடுவே. வாரண்டி புதிய தேதியிட்டு எழுதித் தந்தார்கள்.

ரயிலில் திரும்பும்போது விழுப்புரம் தாண்டியபின் மகள் கேட்டாள்: "அப்படியென்றால் நான் நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தேனா அப்பா?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

#17 ஓய்வுபெற்ற ஆர்மரர்

மகிழ்ச்சி. கழற்றிய பாகத்தை வாங்கி வந்தீர்களா?

#18 மலைக்கோட்டை அப்பா

வாங்கினோம் ஐயா. அந்தச் சுருளையும் வளையத்தையும் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிஸ்டல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். இன்று காலை சிலிண்டரைக் கழற்றி மறுபடி தராசில் வைத்தோம். பத்து மணி நேரம் பிஸ்டலில் மாட்டியிருந்தது. இழப்பு 0.1 கிராம், கழற்றும்போது "புஸ்" என்று போனது அவ்வளவுதான்.

தண்ணீர் பாட்டிலை அவள் அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.